காணாமல் போன நூற்று எழுபத்தேழு டிகிரி

மாரிக்கனி வேலையில் சேர்ந்த அன்று, முப்பத்து நான்கு டிகிரி வெப்பத்தை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு மம்சாபுரத்தில் எல்லாருக்கும் அதே முப்பத்து நான்குதான் அடித்துக்கொண்டிருந்தது. சாலையோரம் படுத்திருந்த நாய்க்கும் அதுதான். நாயிடம் மட்டும் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

"இது எதுக்கு சார்?" என்று கேட்டாள்.

"தொடக்க இருப்பு. நாளைக்கு இது குறைந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்" என்றார் ஐயாதுரை.

ஐயாதுரை, சூரிய வெப்பச் சேமிப்பு வாரியத்தின் ராஜபாளையம் மண்டல இயக்குநர். வாரியம் தொடங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆறு வருஷத்தில் அது சேமித்த வெப்பமெல்லாம் ராஜபாளையம் அலுவலகத்தின் மாடியில், ஜன்னல் திறக்க முடியாத கோப்பறைக்குள்தான் இருந்தது. மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரச் சாலையில் எழும்பிய இந்த நிலையம்தான் அது முதன்முதலாகக் கட்டிய உருப்படியான பொருள். அதையும் அது கட்டவில்லை. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று கட்டிக் கொடுத்தது.

மாரிக்கனிக்கு வயது முப்பத்தாறு. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பன்னிரண்டு வருஷம் பாய்லர் பக்கம் வேலை பார்த்தாள். கணவன் பாண்டிச்செல்வம் ராணுவத்தில் இருந்தான், அஸ்ஸாமில். ஷிப்டுக்கு பஸ் பிடித்து ஓடி அலுத்துப்போயிருந்த சமயத்தில், சொந்த ஊரிலேயே 'வெப்பக் காப்பாளர்' என்று ஒரு வேலை வந்தது. ஒப்பந்த வேலைதான். இரண்டு வருஷம் புகாருக்கு இடமில்லாமல் பணியாற்றினால் நிரந்தரம் பரிசீலிக்கப்படும் என்று ஆணையில் இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் மில்லை விட்டாள்.

நிலையத்தைக் கட்டிய கம்பெனியின் இன்ஜினியர் பானுப்பிரியா ஒரு நாள் முழுக்க உடனிருந்து வேலையைக் காட்டிக் கொடுத்தாள்.

"ரொம்ப சிம்பிள்ங்க அக்கா. அந்த வளைஞ்ச கண்ணாடியெல்லாம் வெயிலை ஒண்ணு சேர்த்து ஒரு குழாய் மேல விடுது. குழாய்க்குள்ள போற காத்து சூடாகி, இந்தத் தொட்டிக்குள்ள இருக்கிற மணலைச் சூடாக்குது. நூறு டன் மணலுங்க. சுத்தி ஒன்றரை அடிக்குக் கவசம் போட்டிருக்கோம். ஐந்நூறு டிகிரி வரைக்கும் ஏத்தலாம். ரெண்டு வாரம் வெயிலே வரலைன்னாலும் சூடு உள்ளயே உட்கார்ந்திருக்கும். மழை நாள்ல இந்த வால்வைத் திறந்து ஃபேனைப் போட்டீங்கன்னா அனல் காத்து அந்த ஷெட்டுக்குப் போகும். வெளிக்காத்தைக் கலந்து அறுபது டிகிரிக்குக் கொண்டுவந்தா, நெல்லு, சோளம், மிளகா, எதை வேணாலும் காயப்போடலாம்."

"மில்லுல நாங்க வெறகு போட்டுச் செய்யறத இது வெயிலப் போட்டுச் செய்யுது. அம்புட்டுத்தான?"

"அவ்வளவேதாங்க."

இத்தனை சுருக்கமாகப் புரிந்துகொண்டது மாரிக்கனி செய்த முதல் தவறு.

மறுநாள் ஐயாதுரை வந்து, நிலையத்தின் ஒரே ஊழியரான அவளை நிற்கவைத்து, ஊழியர்களுக்கான உரையை ஆற்றினார். "சகோதர சகோதரிகளே, இந்தத் தொட்டிக்குள் இருப்பது மணல் அல்ல. திடநிலை வெப்ப இருப்பு ஊடகம். மணல் என்று சொன்னால் மக்கள் என்ன நினைப்பார்கள்? மணலைச் சூடாக்குவதற்கு ஒரு வாரியமா, அதற்கு ஓர் இயக்குநரா என்று கேட்க மாட்டார்களா? ஆகவே அந்தச் சொல் நம் வாயில் வரக்கூடாது."

பிறகு வால்வைக் காட்டி, "இதைத் திறக்கக் கூடாது" என்றார்.

"எப்ப வரைக்கும் சார்?"

"திறப்பு விழா வரைக்கும். சிறப்பு விருந்தினர் தன் கையால் திறக்க வேண்டும். அதற்கு முன்னால் வேறு யாராவது திறந்துவிட்டால், பிறகு அவர் எதைத் திறப்பார்?"

மாரிக்கனி வால்வுக்கு எண்ணெய் மட்டும் போட்டு வைத்தாள்.

கண்ணாடிகள் அவை பாட்டுக்குச் சூரியனைப் பார்த்துத் திரும்பின. மணல் சூடேறியது. காலையும் மாலையும் மாரிக்கனி உள்ளே இருந்த மீட்டரைப் பார்த்து வெப்ப இருப்புப் பதிவேட்டில் எழுதினாள். நூற்றுப் பத்து. இருநூற்று முப்பது. ஆவணி பிறந்தபோது நானூற்று எழுபதைத் தாண்டியது. திறப்பு விழாவுக்குத் தேதி கேட்டு ஐயாதுரை நான்கு கடிதம் எழுதினார். சிறப்பு விருந்தினர் நான்கு முறையும் வேறு எதையோ திறந்துகொண்டிருந்தார்.

ஐப்பசியில் மேகம் மூடியது. தொடர்ந்து ஒன்பது நாள் வெயில் இல்லை. பத்தாம் நாள் தணிக்கை அலுவலர் சங்கரலிங்கம் வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதிவேட்டை ஒருமுறை முன்னாலிருந்தும் ஒருமுறை பின்னாலிருந்தும் படித்தார்.

"ஒன்பது நாளில் இருபத்தேழு டிகிரி குறைகிறது. எங்கே போனது?"

"கசிஞ்சிரும் சார். எவ்வளவு கவசம் போட்டாலும் ஒரு நாளைக்கு மூணு டிகிரி போகும். இது ரொம்பக் கம்மி. மில்லுல பாய்லர அணைச்சா ஒரே ராத்திரில..."

"எங்கே போனது என்று கேட்டேன்."

"காத்துல சார்."

"காற்றுக்குக் கொடுக்கச் சொல்லி யார் ஆணை?"

மாரிக்கனி சிரித்துவிட்டாள். சங்கரலிங்கம் சிரிக்கவில்லை. அவர் கேலி செய்யவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சூடான பொருள் ஆறத்தான் செய்யும் என்று எடுத்துச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருக்கலாம். ஆனால் அப்படி ஆறலாம் என்று வாரியத்தின் சுற்றறிக்கை எதிலும் சொல்லப்படவில்லை" என்றார்.

முதல் மெமோ வந்தது. 'காப்பாளரின் பொறுப்பில் இருந்த இருபத்தேழு டிகிரி வெப்பம் குறைந்ததற்கான விளக்கம்.'

இனிமேல் வெப்பம் வெளியேறாமலிருக்க வால்வுக்கு அரக்கு முத்திரை வைக்கும்படி சங்கரலிங்கம் பரிந்துரைத்தார். நானூறு டிகிரிக் குழாயின் மேல் அரக்கு வைத்தார்கள். வைத்தவர்கள் ஜீப்பில் ஏறுவதற்குள் அது உருகித் தரையில் சொட்டியது. 'அரசு முத்திரை உருகுவதைத் தடுக்காமல் வேடிக்கை பார்த்தது' என்று இரண்டாவது மெமோ வந்தது. அடுத்து, இயக்குநர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை வால்வில் சுற்றி ஒட்டினார்கள். காகிதம் பழுத்து, கருகி, இயக்குநரின் கையெழுத்தோடு பறந்துபோனது. மூன்றாவது மெமோ. கடைசியில், பத்தடி தள்ளி ஒரு மரப்பலகையை நட்டு, அதில் அரக்கு வைத்து, 'வால்வு முத்திரையிடப்பட்டதாகக் கருதப்படும்' என்று எழுதி மாட்டினார்கள். பலகை உருகவில்லை. வாரியம் அதைத் தன் முதல் தொழில்நுட்ப வெற்றியாக ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொண்டது.

பாண்டிச்செல்வம் போனில் கேட்டான். "வேலை எப்படி இருக்கு?"

"வெயிலுக்குக் காவல் இருக்கேன்" என்றாள்.

"நானும் இங்க பனிக்குக் காவல்தான் இருக்கேன். நிரந்தரம் ஆகுற வரைக்கும் வாயத் தொறக்காத."

வாயையும் வால்வையும் திறக்காமல் மாரிக்கனி மார்கழி முடிய ஓட்டிவிட்டாள்.

தை பிறந்தும் அந்த வருஷம் மழை விடவில்லை. மம்சாபுரத்தில் மக்காச்சோள அறுவடை நடுவில் மாட்டிக்கொண்டது. கதிரை ஒடித்து, மெஷினில் உதிர்த்து, களத்திலும் சாலையிலும் கொட்டியவர்கள் அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரிக்கனிக்கு மதினி முறையாகிற கருத்தம்மா, குத்தகை நிலத்தையும் சேர்த்து நான்கு ஏக்கர் போட்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டிக்காரர் அசன் முகம்மது நேரில் வந்து குவியலுக்குள் ஈரப்பத மீட்டரைச் செருகிப் பார்த்தார்.

"இருபத்தி ரெண்டு காட்டுது அக்கா. பதினாலுக்குக் கீழ வந்தா இப்பவே வண்டி அனுப்புதேன். இத எடுத்தா என் குடோன்ல இருக்கதும் சேந்து பூசணம் புடிச்சிரும்."

"வானம் வெளுக்கணும்லா தம்பி, நான் என்ன செய்ய?"

அன்று மாலை மாரிக்கனி அந்தக் களத்துக்குப் போனாள். தார்ப்பாயைத் தூக்கிக் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. நனைந்த தானியம் அழுகத் தொடங்கும்போது அதற்குள்ளேயே ஒரு சூடு பிறக்கும். கையை எடுத்தபோது முளை விட்ட மணி நாலைந்து விரலில் ஒட்டி வந்தது. புளித்த வாடை அடித்தது.

"எத்தன நாளு தாங்கும் மதினி?"

"மூணு நாளு. பொறவு மாடுகூடத் திங்காது." கருத்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஏட்டி, ஒங்க தொட்டியில சூடு கெடக்குன்னு ஊரே சொல்லுது. மழைக்குன்னுதான கட்டுனாவ? கேட்டுப் பாப்பமா?"

மறுநாள் காலையில் இருவரும் ராஜபாளையம் போனார்கள். ஐயாதுரை அவர்களை உட்காரச் சொன்னார். தேநீர்கூட வரவழைத்தார். விவசாயி ஒருவர் தேடி வந்தது வாரியத்தின் வரலாற்றில் முதல் முறை என்பதால் போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தார்.

மாரிக்கனி வாசித்துப் பார்த்து ஒன்பதாவது விதியில் நின்றாள். "சார், 'நேரடி வெயில் உள்ள நாளில், காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை மட்டும் வெப்பம் வழங்கப்படும்'னு போட்டிருக்கே?"

"ஆமாம்."

"வெயில் இருந்தா நாங்க களத்துலயே காயப்போட்டுருவமே சார்" என்றாள் கருத்தம்மா.

"அம்மா, நிதானமாகக் கேளுங்கள். இது சூரிய வெப்பம். சூரியன் இருக்கும்போது கொடுத்தால் அது சூரிய வெப்பம் என்பதற்குச் சூரியனே சாட்சி. மழையில் கொடுத்தால், நாளைக்கு ஒருவன், 'இது சூரிய வெப்பம்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? அடியில் விறகு வைத்து எரித்தீர்களா?' என்று கேட்டால் நான் எந்தச் சூரியனைக் கூட்டிக்கொண்டு வருவேன்?"

"அப்ப எதுக்கு சார் சேத்து வைக்கிறோம்?" மாரிக்கனிக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"சேமிப்பதற்கு" என்றார் ஐயாதுரை. "நம்முடைய பெயரைப் பாருங்கள். வெப்பச் சேமிப்பு வாரியம். வெப்பம் வழங்கும் வாரியம் என்றா இருக்கிறது? வழங்குவதற்குத் தனி வாரியம் அமைக்க வேண்டும் என்று நானே முன்மொழிந்திருக்கிறேன்." எழுந்து நின்று கும்பிட்டார். "நாளை ஸ்ரீவில்லிபுத்தூரில் நமது வெப்ப விழிப்புணர்வுக் கருத்தரங்கு இருக்கிறது. அவசியம் வாருங்கள். நாற்காலிகள் நிறைய இருக்கின்றன."

கருத்தரங்கு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வெளியே மழை ஊற்றியது. மம்சாபுரத்திலிருந்து வேனில் ஏற்றிவரப்பட்ட முப்பது விவசாயிகளுக்கு வாசலிலேயே வெயில் தொப்பியும், 'வெப்பம் நமது உரிமை' என்று அச்சடித்த பையும் கொடுத்தார்கள். நனைந்த தலைகளில் தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஐயாதுரை ஒன்றேகால் மணி நேரம் பேசினார்.

"உலகமே இன்று வெப்பத்தைச் சேமிக்கிறது. உருக்கிய உப்பில் சேமிக்கிறார்கள். கல்லில் சேமிக்கிறார்கள். அந்த நாடுகளிடம் நான் ஒன்றைக் கேட்கிறேன். நீங்கள் சேமித்ததை எல்லாம் என்ன செய்தீர்கள்? ஊருக்குக் குளிர் காயக் கொடுத்தீர்கள், ஆலைக்குக் கொடுத்தீர்கள், தீர்த்துவிட்டீர்கள். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து சேமிக்கிறீர்கள். இது சேமிப்பா? நமது மம்சாபுரம் நிலையத்தில் இன்றைய இருப்பு நானூற்று அறுபத்தெட்டு டிகிரி. இந்த நிமிஷம் வரை ஒரு மனிதர்கூட அதனால் பயனடைந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன்."

முன்வரிசையில் இருந்த வாரிய ஊழியர்கள் கை தட்டினார்கள். கருத்தம்மா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"சார், என் சோளம் முளைக்குது. நாளைக்கு விட்டா அம்புட்டும் குப்பை. நீங்க அந்தச் சூட்ட ஒரு நாலு நாளைக்குத் தந்தா பொழச்சுக்கிடுவோம். தருவியளா, மாட்டியளா? அத மட்டும் சொல்லுங்க."

ஐயாதுரை மேடையிலிருந்தே கும்பிட்டார். "சகோதரியின் உணர்ச்சி எனக்குப் புரிகிறது. அவர்களுடைய சோளம் கெட்டுப்போனதும், இழப்பு அறிக்கையோடு வந்தால், அடுத்த கருத்தரங்கில் அதை ஒரு தனி அமர்வாகவே எடுத்துக்கொள்வோம்."

வேனில் திரும்பும்போது மாரிக்கனி ஜன்னலோரம் உட்கார்ந்து நிரந்தர வேலையைப் பற்றி நினைத்தாள். பிறகு விரலில் ஒட்டிய முளைகளை நினைத்தாள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டே வந்தவள், மம்சாபுரம் விலக்கில் இறங்கியதும் கருத்தம்மாவின் கையைப் பிடித்தாள்.

"மதினி, விடியக் காலம்பற டிராக்டர்ல ஏத்திட்டு வந்துருங்க. மத்தவியளையும் வரச் சொல்லுங்க."

"ஒன் வேலை போயிருமேட்டி."

"இப்ப மட்டும் நான் என்ன வேலையா பாக்கேன்?"

காலை ஆறு மணிக்கு, தூறலில், துணியைச் சுற்றிய கையால் மாரிக்கனி வால்வைத் திருகினாள். ஒன்பது மாதமாகத் திறக்காத வால்வு, எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் சத்தமில்லாமல் திரும்பியது. ஃபேனைப் போட்டாள். ஷெட்டின் துளையிட்ட தரை வழியாக அனல் மேலே வந்தது. வெளிக்காற்றுக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து அறுபதில் நிறுத்தினாள். தரையில் பரப்பிய சோளத்திலிருந்து முதலில் ஆவி எழுந்தது. அரை மணியில் புளித்த வாடை போய், வறுத்த வாடை வந்தது. கருத்தம்மா ஒரு கை சோளத்தை அள்ளி முகத்தருகே கொண்டுபோய் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று நாளில் ஒன்பது வீட்டுச் சோளம், முந்நூறு மூட்டை, உலர்ந்தது. மரக்கொம்பு வைத்துக் கிளறிக்கொடுக்க ஊரே முறை வைத்து வந்தது. மழை வெளியே பெய்துகொண்டே இருந்தது. அசன் முகம்மது மீட்டரை இரண்டு தரம் செருகிப் பார்த்தார். மீட்டர் கெட்டுவிட்டதோ என்று மூன்றாம் தரமும் பார்த்தார்.

"பதிமூணு. எப்படிம்மா இது?"

"போன சித்திர வெயிலுண்ணே" என்றாள் மாரிக்கனி.

பதிவேட்டில் அவள் பொய் எழுதவில்லை. முதல் நாள் நானூற்று அறுபத்தெட்டு. கடைசி நாள் இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்று. குறைவுக்கான காரணம் என்ற இடத்தில் 'சோளம் காய்ந்தது' என்று எழுதினாள்.

மழை விட்ட ஐந்தாம் நாள், சிறப்பு விருந்தினர் தேதி கொடுத்துவிட்டார். ஐயாதுரை விழாவுக்கு முன்தினமே வந்துவிட்டார். பதிவேட்டைப் பார்க்கவில்லை. அலங்கார வளைவைத்தான் பார்த்தார். அழைப்பிதழில் 'நானூற்று அறுபத்தெட்டு டிகிரி' என்று அச்சடித்திருந்ததால், வாசலில் வெப்ப அளவுக்காக வைத்திருந்த எண் பலகை எப்போதும் 468 காட்டும்படி எலக்ட்ரீஷியனை வைத்து ஒயரை மாற்றினார். உண்மையான வால்வு விருந்தினரின் கையைச் சுடும் என்பதால், பூப்போட்ட மேஜையில் எதோடும் இணைக்காத அலுமினியச் சக்கரம் ஒன்றைப் பொருத்தினார். பின்னால் நின்று உண்மை வால்வைத் திறக்கும் பொறுப்பு மாரிக்கனிக்கு.

"இப்போது ஈரச் சோளம் வேண்டும். விருந்தினர் முன்னால் காய வைத்துக் காட்ட வேண்டும்" என்றார்.

ஊரில் ஈரச் சோளம் இல்லை. ஐயாதுரைக்கு அது விவசாயிகளின் ஒத்துழையாமையாகப் பட்டது. ஆள் அனுப்பி அசன் முகம்மதுவின் மண்டியிலிருந்து இருபது மூட்டை வரவழைத்தார். மம்சாபுரத்திலிருந்து போன அதே சோளம் மம்சாபுரத்துக்கே திரும்பி வந்தது. தரையில் கொட்டி, ரப்பர் குழாயால் அதன்மேல் தண்ணீர் அடித்தார்கள். அசன் முகம்மது தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், காஞ்ச சோளம் சார் அது."

"தெரியும். அதனால்தான் நனைக்கிறோம்" என்றார் ஐயாதுரை.

வேலிக்கு வெளியே நின்று பார்த்த கருத்தம்மா ஒரே ஒரு முறை காறித் துப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

விழா சிறப்பாக நடந்தது. விருந்தினர் அலுமினியச் சக்கரத்தைச் சுற்றினார். பின்னால் மாரிக்கனி வால்வைத் திறந்தாள். அனல் வந்தது. 'இந்நிலையத்தின் வெப்பம் முதன்முதலாக இந்நாளில் திறந்துவிடப்பட்டது' என்று கல்வெட்டில் பொறித்திருந்தார்கள். விருந்தினர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "இங்கே ஒரு ஏ.சி. போட்டிருக்கலாம்" என்றார். ஐயாதுரை அதைக் குறித்துக்கொண்டார்.

பதிவேட்டின் நகல் மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்துக்குப் போனது. அங்கே யாரோ ஒருவர், வாரியம் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரு பதிவேட்டைப் படித்துவிட்டார். நூற்று எழுபத்தேழு டிகிரியைக் காணவில்லை. விசாரணை அலுவலராகச் சங்கரலிங்கம் நியமிக்கப்பட்டார்.

விசாரணை ராஜபாளையம் அலுவலகத்தின் மாடியில் நடந்தது. ஐயாதுரை ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"நூற்று எழுபத்தேழு டிகிரி வெப்பத்தை அனுமதியின்றி வெளியேற்றியதாக உங்கள் மேல் குற்றச்சாட்டு. இதை மறுக்கிறீர்களா?" சங்கரலிங்கம் கேட்டார்.

"இல்ல சார். நான்தான் தொறந்தேன்."

சங்கரலிங்கம் பேனாவை மூடினார். ஐயாதுரை நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகில் வந்தார்.

"அம்மா, அவசரப்படாதே. கேள்வியை மறுபடி கேளுங்கள் சார்."

"மறுக்கிறீர்களா?"

"இல்ல. தை மாசம், மூணு நாளு. முந்நூறு மூட்டை காஞ்சுச்சு. மண்டிக்காரரக் கேளுங்க, பதிமூணுன்னு சொல்லுவாரு."

ஐயாதுரைக்கு வியர்த்துவிட்டது. "நீ திறந்தாய் என்றால், விருந்தினர் திறந்தது என்ன? கல்லில் வெட்டியிருக்கிறோம் அம்மா! கல்லில்! 'முதன்முதலாக' என்று!"

"அது நீங்க வெட்டுனது சார்."

சங்கரலிங்கம் குரலைத் தாழ்த்தினார். மூன்று மெமோ கொடுத்தபோது இல்லாத கனிவு அவர் முகத்தில் வந்திருந்தது. "இதோ பாரும்மா. 'வெப்பம் தானாகக் கசிந்தது, இயற்கையான இழப்பு' என்று ஒரு வரி எழுதிக் கொடு. பொருள் ஆறத்தான் செய்யும் என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். எனக்கு அது அப்போதே நியாயமாகத்தான் பட்டது."

"எழுதினால் இந்த மாதமே நிரந்தர ஆணை. நானே கையெழுத்துப் போடுகிறேன்" என்றார் ஐயாதுரை.

காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார்கள். மாரிக்கனி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் பொறுத்திருந்து வாங்க வேண்டியது, ஒரு வரிக்குக் கிடைக்கிறது. பேனாவை எடுத்தாள். கருத்தம்மா சோளத்தை முகத்தருகே வைத்துக்கொண்டு நின்றது கண்ணுக்கு வந்தது. அந்த மூன்று நாள்தான் அவள் அங்கே வேலை பார்த்த நாள். அதைப் போய்க் கசிவு என்று எழுதக் கை வரவில்லை.

'நான் திறந்தேன். காய்ந்தது. மாரிக்கனி.' என்று எழுதி நகர்த்தினாள்.

ஒரு மாதம் கழித்துத் தீர்ப்பு பதிவுத் தபாலில் வந்தது. பதினொரு பக்கம். அதன் சாரம் இதுதான்: நிலையம் திறக்கப்பட்டது கல்வெட்டின்படி மாசி மாதத்தில். திறக்கப்படுவதற்கு முன் நிலையம் என்று ஒன்று இல்லை. இல்லாத நிலையத்தில் வெப்பம் இருந்திருக்க முடியாது. ஆகவே நூற்று எழுபத்தேழு டிகிரி இழப்பும் இல்லை. இல்லாத நிலையத்துக்கு ஊழியரை நியமித்திருக்கவும் முடியாது. ஆகவே மாரிக்கனி என்று ஒருவர் வாரியத்தில் எக்காலத்திலும் பணியாற்றவில்லை. பணியாற்றாதவரைத் தண்டிக்க விதியில் இடமில்லை என்பதால், குற்றச்சாட்டு பெருந்தன்மையோடு கைவிடப்படுகிறது.

மாரிக்கனி இரண்டு முறை படித்தாள். பாண்டிச்செல்வத்துக்குப் போனில் வாசித்துக் காட்டினாள். அவன், "அப்ப நீ பதினோரு மாசம் எங்க போயிட்டு வந்த?" என்று கேட்டான். இருவரும் சிரித்தார்கள். போனை வைத்த பிறகு அவள் கொஞ்சம் அழுதாள். அடுத்த திங்கட்கிழமை பழைய மில்லிலேயே காலை ஷிப்டுக்குப் போகத் தொடங்கினாள்.

நிலையத்துக்கு வேறு ஆள் போடவில்லை. அந்தப் பணியிடம் காலியானதாகக் காட்டினால் முன்பு ஒருவர் இருந்ததாக ஆகிவிடுமே. கண்ணாடிகள் மட்டும் தினமும் சூரியனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தன.

சித்திரைக் கடைசியில் கோடை மழை பிடித்துக்கொண்டது. கோடை நெல் அறுத்தவர்கள் நனைந்த மூட்டைகளோடு, இந்த முறை வாரியத்துக்குப் போகாமல், நேராக மாரிக்கனி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கருத்தம்மாதான் முன்னால் நின்றாள்.

"யாரும் கேட்டா என்னட்டி சொல்லுவ?"

"என்னய யாரு கேக்க முடியும் மதினி? நான்தான் அங்க இல்லவே இல்லயே."

ஷிப்டு முடிந்து வந்து தினமும் மதியம் மூன்று மணிக்கு வால்வைத் திறந்தாள். இருட்டுவதற்குள் மூடினாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டுமென்றால் மெமோ கொடுக்க வேண்டும்; மெமோவை வாங்க ஆள் இருக்க வேண்டும். நெல் காய்ந்தது. கூமாப்பட்டியிலிருந்துகூட இரண்டு டிராக்டர் வந்தது.

ஐந்தாம் நாள், ஷெட்டுக்குள் நெல்லைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. ஐயாதுரை. குரல் தணிந்திருந்தது.

"மாரிக்கனியாம்மா? நல்லா இருக்கியா? அலுவல் ரீதியாகப் பேசவில்லை, சும்மா. தலைமை அலுவலகத்துக்கு மாத அறிக்கை அனுப்ப வேண்டும். பலகையில் எந்நேரமும் நானூற்று அறுபத்தெட்டுதான் காட்டுகிறது. உள்ளே இருக்கிற மீட்டரைப் படிக்க இங்கே யாருக்கும் தெரியவில்லை. இப்போது இருப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்லேன்."

மாரிக்கனி மீட்டரைப் பார்த்தாள். முந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு. கையிலிருந்த நெல்லைத் தரையில் பரப்பினாள்.

"எனக்கெப்படி சார் தெரியும்? நான் அங்க வேலையே பாக்கலயே" என்றாள். "அந்தக் குழாயிலதான் கவசம் இல்ல. நேர்ல வந்து செத்த நேரம் கைய வச்சுப் பாருங்க, தெரிஞ்சிரும்."